பலகை அறைக்குள் நின்ற கடைசி வரிசை

போன மாதம் தனபாலன் என்ற இளம் விரிவுரையாளர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் என் வீட்டைத் தேடி வந்தார். பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சித் துறையில் வேலை பார்க்கிறவர். சிறந்த உடற்பயிற்சி ஆசிரியர்களையும் பயிற்றுநர்களையும் ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்துப் பாராட்டுவது என்று முடிவு செய்திருக்கிறார்களாம். முதல் விழாவுக்கு ஒரு மலரும் வெளியிடுகிறார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் பள்ளி பள்ளியாகப் போய் டிரில் மாஸ்டர்களைச் சோதித்தவர்களில் இன்றைக்கு மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"பெரிய தலைவலி லா, அங்கிள்," என்றார். "கப் ஜெயிச்சவங்களுக்குக் கொடுக்கிறதுன்னா சுலபம். அது மட்டும் போதாதுங்கறாங்க. நல்ல மாஸ்டர்னு எத வெச்சு சொல்றது? உங்க காலத்துல முதல்ல எத பாப்பீங்க?"

"திடல்ல இருக்கிறவங்கள பார்க்க மாட்டோம். முடியாதவங்க எங்கேன்னு கேப்போம்," என்றேன்.

எப்படிக் கேட்போம், கேட்டபின் எங்கே போய் நிற்போம் என்று விளக்கினேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இது போதும் அங்கிள்! இதையே வெச்சுக்கிறோம். உங்க பேர்லயே போட்டுடலாம், நடேசன் முறைன்னு."

அது என் முறை இல்லை. அதற்கு நேர் மாறாக ஒன்றைச் செய்துவிட்டு, அதன் பிறகு கற்றுக்கொண்டது. நடந்ததை எழுதித் தருகிறேன், போடுவதானால் முழுதாகப் போடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அந்தக் கட்டுரைதான் இது.

என் தகப்பனார் ரயில்வேயில் கிளார்க். நான் ஆங்கிலப் பள்ளியில் சீனியர் பரீட்சை வரை படித்து, சனிக்கிழமை வகுப்புகளில் ஆசிரியர் பயிற்சி முடித்து, படித்த பள்ளியிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். பந்து விளையாட வரும் என்பதால் விளையாட்டுப் பொறுப்பையும் என்னிடம் கொடுத்தார்கள். என் படிப்பைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லை.

பள்ளி ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்தது. முன்பக்கம் கல் கட்டடம். பின்பக்கம் தூண்கள் மேல் தூக்கிக் கட்டிய நீளமான பலகை அறைகள். நடுவில் பாடாங் என்று நாங்கள் சொல்லும் புல்திடல். மழை பெய்தால் பாடாங்கில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். கரையில் ஒரு பெரிய அங்சானா மரம். ரயில்வே குவாட்டர்ஸ் பிள்ளைகள், பட்டறைத் தொழிலாளர்களின் பிள்ளைகள், கொஞ்சம் சீனப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள் என்று எல்லோரும் படித்தார்கள்.

டிரில் மாஸ்டர் இருளப்பன் எனக்குப் பிறகு வந்தவர், ஆனால் என்னைவிட வயதில் மூத்தவர். மதராஸ் பட்டாளத்தில் நாயக் பதவி வரை இருந்துவிட்டு இங்கே வந்தவர். குள்ளமான ஆள், தடித்த கழுத்து. பட்டாளத்து பூட்ஸை விடவில்லை. அடியில் லாடம் அடித்த அந்த பூட்ஸ் சிமெண்ட் தரையில் விழும் ஓசையை வைத்தே பையன்கள் "மாஸ்டர் வராரு" என்று பட்டனைப் போட்டுக்கொள்வார்கள். பெயரில்தான் மாஸ்டர். ஆசிரியர் கணக்கில் அவர் சேரமாட்டார். தற்காலிக வேலை. ஒவ்வொரு பருவமும் தலைமையாசிரியர் மனம் வைத்துப் புதுப்பித்தால்தான் உண்டு.

எந்தப் பள்ளியிலும் டிரில் என்றால் உயரமான, நல்ல உடற்கட்டுள்ள பையன்கள் முன்னால் நிற்பார்கள். சரியாகச் செய்ய வராதவர்களுக்கு மரத்தடி. புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்காரலாம். இருளப்பன் வந்த முதல் வாரத்திலேயே மரத்தடியைக் காலி செய்தார். மூச்சு இழுக்கிறவன், திக்குகிறவன், எலும்பும் தோலுமாக இருக்கிறவன், எல்லோரையும் கூட்டிவந்து கடைசி வரிசையாக நிறுத்தினார். அந்த வரிசையின் வலது கோடியில் சுப்பையா. பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகன். பிறவியிலேயே இடது கால் முழங்காலுக்குக் கீழே வளைந்திருக்கும்.

"டேய், சுப்பையா நடக்கிறதுக்குள்ள ஸ்கூல் விட்டுருவாங்கடா," என்று ஒருவன் முணுமுணுத்தான். இன்னொருவன், "நொண்டி லோரி!" என்று கத்தினான்.

இருளப்பன் காதில் விழுந்துவிட்டது. "ஆமாடா, லோரிதான். மெதுவாத்தான் போகும். சாமான் பூரா அதுலதான் ஏத்தியிருக்கு. நீ என்ன, காலி சைக்கிள்," என்றார். முதலில் சிரித்தவன் சுப்பையாதான்.

அணியின் பின்னால் நடந்துகொண்டேதான் எண்ணிக்கை சொல்வார். கடைசி வரிசையின் நடைக்குத் தன் நடையை வைத்துக்கொள்வார். அந்த பூட்ஸ் ஓசைக்கு முழு அணியும் நடக்கும். அணி பாதித் திடலைத் தாண்டியதும் 'அபவுட் டர்ன்' என்று ஒரு குரல் கொடுப்பார். எல்லோரும் திரும்புவார்கள். திரும்பினால் கடைசி வரிசைதான் முன்வரிசை. மூச்சு இழுக்கிறவனும் திக்குகிறவனும் சுப்பையாவும் தலைமை தாங்கி வருவார்கள். முரட்டுப் பையன்கள் அவர்கள் கால்களைப் பார்த்துப் பார்த்து அடி வைப்பார்கள். நான் இதை வேடிக்கையாகத்தான் பார்த்தேன். அணி முழுவதையும் அவர் அந்த நடையின் மேல்தான் கட்டியிருக்கிறார் என்பது எனக்குப் புரியவில்லை.

இருபதுகளின் பிற்பகுதியில் உடற்பயிற்சிக்கென்று ஒரு சூப்பிரண்டெண்ட் வந்தார். வெல்பி துரை என்று பெயர். பள்ளிகளின் டிரில் மாஸ்டர்களை நேரில் பார்த்து, அவர்களில் சிறந்த ஒருவரை நிரந்தரமாக எடுத்துக்கொண்டு, மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் அவரையே வைப்பது என்று ஏற்பாடு. குவாட்டர்ஸ் கிடைக்கும், பென்ஷன் உண்டு. அதைவிட முக்கியமாக, டிரில் மாஸ்டர் என்ற ஆளை ஆசிரியர் என்று முதன்முதலாக ஒப்புக்கொள்ளப் போகிறார்கள். எங்கள் பள்ளியிலிருந்து இருளப்பன் பெயரைத் தலைமையாசிரியரிடம் சொன்னவன் நான்தான். அவர்மேல் எனக்கு மதிப்பு இருந்தது. என் பள்ளியின் ஆள் தேறினால் எனக்கும் பெயர் கிடைக்கும் என்ற எண்ணமும் இருந்தது. இரண்டில் எது பெரியது என்று இப்போது நிறுத்துப் பார்ப்பதில் பயனில்லை.

வெல்பி எப்படிப்பட்டவர் என்று யாருக்கும் தெரியாது. அதற்கு முன் வந்துகொண்டிருந்த இன்ஸ்பெக்டர்கள் ஒரே மாதிரியானவர்கள். நாற்காலி போட்டு உட்கார்வார்கள், முன்வரிசை நேராக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், கைதட்டிவிட்டுத் தேநீருக்குப் போவார்கள். அதனால் இன்ஸ்பெக்‌ஷன் நாளில் பார்வைக்கு நன்றாக இல்லாத பையன்களை மறைத்து வைப்பது எல்லாப் பள்ளிகளிலும் வழக்கம். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. கிழிந்த திரைச்சீலையை உள்ளே மடக்கி மாட்டுவது போல ஒரு காரியம்.

வருகிறார் என்று தெரிந்ததும் இருளப்பனிடம் பேச்சை எடுத்தேன். அவர் கர்லாக்கட்டைகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், அன்னிக்கு ஒரு நாள் மட்டும் கடைசி வரிசைய உக்கார வெச்சிடலாமா?"

"ஏன் சார்?"

"பார்க்கிறவங்க கண்ணுக்கு முதல்ல அவங்கதானே படுவாங்க."

"படட்டுமே."

"துரை புதுசு. என்ன நினைப்பார்னு தெரியாது. உங்க வேலைக்காகத்தான் சொல்றேன்."

கையிலிருந்த கட்டையைப் பெட்டிக்குள் வைத்தார். கோபம் எதுவும் இல்லாமல் சொன்னார். "அப்ப என்னையும் சேத்து உக்கார வெச்சிடுங்க சார்."

அவர் ஒப்புக்கொள்ளமாட்டார் என்பது தெளிவாகத் தெரிந்தது. அவர் மனம் தெரியாமல் செய்துவிட்டேன் என்று பின்னால் சொல்லிக்கொள்ள எனக்கு இடமே இல்லை.

அன்று காலை இருளப்பன் திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசைப் பையன்களைத் தனியாக அழைத்தேன். பின்பக்கத்துப் பலகை அறைகளில் கோடியில் இருந்ததற்குக் கூட்டிப்போனேன். உடைந்த பெஞ்சுகள் போட்டுவைக்கும் அறை. கதவருகே சுப்பையா நின்றுவிட்டான்.

"டிரில் இருக்கே சார்."

"இன்னிக்கு நீங்க உள்ளேயே இருக்கணும். சத்தம் போடாம இருங்க."

"மாஸ்டர் எங்கள தேடுவாரு சார்."

நான் ஆசிரியன். என் சொல்லே போதும். ஆனால் அவர்கள் நகரவில்லை. டிரில் விஷயத்தில் அவர்களுக்கு ஒரே ஆள்தான் அதிகாரி. நேரமாகிக்கொண்டிருந்தது.

"மாஸ்டர்தான் சொன்னார்," என்றேன்.

"மாஸ்டரேவா?"

"ஆமாம். துரை வரார்ல, அதான்."

சுப்பையா என் முகத்தைப் பார்த்தான். பிறகு முதல் ஆளாக உள்ளே போனான். மற்றவர்கள் பின்னால் போனார்கள். வெளியே கொண்டியை மாட்டினேன்.

திடலுக்குத் திரும்பியபோது வெல்பி துரையின் கார் வாசலில் நுழைந்துகொண்டிருந்தது. இருளப்பன் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "எங்க சார் நம்ம ஆளுங்க?"

"ஆஸ்பத்திரி டிரெசர் வந்து கூட்டிப் போயிட்டார் மாஸ்டர். அம்மை குத்தியிருக்கான்னு பார்க்கணுமாம்."

"இன்னிக்கா?"

"நான் என்ன பண்றது? ஆரம்பிங்க, துரை வந்துட்டார்."

வெல்பி உயரமான மனிதர். வெயிலில் கறுத்துச் சிவந்த முகம். நாங்கள் போட்டு வைத்த நாற்காலியில் அவர் உட்காரவில்லை. கையோடு கொண்டுவந்த மடக்கு ஸ்டூலை எடுத்துக்கொண்டு அணியின் பின்பக்கம் போய் அதை விரித்து உட்கார்ந்தார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. தலைமையாசிரியர் நாற்காலியைத் தூக்கச் சொல்லிப் பின்னால் ஓடினார்.

கைப்பயிற்சி நன்றாகவே போனது. கர்லாக்கட்டையும் நன்றாகப் போனது. கடைசியாக அணிநடை. பாதித் திடலில் இருளப்பன் வழக்கம்போல 'அபவுட் டர்ன்' என்று குரல் கொடுத்தார். எல்லோரும் திரும்பினார்கள். திரும்பினால் முன்னால் நிற்பவர்கள் ஒருநாளும் முன்னால் நடந்திராதவர்கள். யார் காலைப் பார்த்து அடி வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருவன் வேகமாக எடுத்துவைத்தான், இன்னொருவன் நின்றுவிட்டான், பின்னால் வந்தவன் மோதினான். அணி குலைந்தது. இருளப்பன் "ஹால்ட்" என்றார்.

அந்த அமைதியில்தான் அது கேட்டது. பின்பக்கத்துப் பலகை அறையிலிருந்து, தூண் மேல் நிற்கும் பலகைத் தரையில் வெறுங்கால்கள் ஒன்றாக விழும் ஓசை. மெதுவாக, சீராக. ஒரு கால் மட்டும் சற்று இழுத்து விழுந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு மாஸ்டரின் குரல் கேட்டிருக்கிறது. 'அபவுட் டர்ன்' என்ற சொல் கேட்டதும் திரும்பி, தாங்கள் முன்னால் நடக்கவேண்டிய நடையை நின்ற இடத்திலேயே நடந்திருக்கிறார்கள். 'ஹால்ட்' ஓசை அவர்கள் கால் ஓசையில் அமுங்கிப் போயிருக்கவேண்டும்.

வெல்பி எழுந்தார். நேராக அந்த அறைக்கு நடந்தார். கொண்டியைத் தள்ளிக் கதவைத் திறந்தார். நாங்களும் பின்னால் போனோம். உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவில் பையன்கள் ஒரே கோட்டில், வியர்த்து, நேரே பார்த்தபடி கால் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். துரையைக் கண்டதும் நின்றார்கள். சேர்ந்தே நின்றார்கள். அன்று முழுவதும் நான் கண்ட மிகச் சரியான டிரில் அதுதான்.

வெல்பி டிரில் மாஸ்டர்களிடம் மலாயில்தான் பேசுவார். "சியாப்பா சூரோ?" என்றார். யார் உத்தரவு?

நான் அவருக்கு இரண்டடி தள்ளி நின்றேன். வாய் திறக்கவேண்டியது நான். தலைமையாசிரியர் இருக்கிறார், பையன்கள் இருக்கிறார்கள், பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். அதற்குள் இருளப்பன் முன்னால் வந்து விறைப்பாக நின்றார். அறையையும் பார்த்தார், கொண்டியையும் பார்த்தார், ஒரு கணம் என்னையும் பார்த்தார்.

"சாயா பூஞ்ஞா பூடாக், துவான்," என்றார். என் பிள்ளைகள், துரை.

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பட்டாளத்துக்காரர் பதில் அது. என் அணி, என் பொறுப்பு என்று பொருள். துரை அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். உள்ளே நின்ற பையன்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

வெல்பி தலைமையாசிரியரிடம் ஆங்கிலத்தில் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இந்த மனிதருக்குக் கற்றுக்கொடுக்கத் தெரியும், நான் பார்த்தவர்களில் இவரைப் போல யாருக்கும் தெரியாது, ஆனால் தான் கற்றுக்கொடுத்தவர்களைப் பார்த்தே வெட்கப்படுகிறவரிடம் மற்ற பிள்ளைகளை எப்படி ஒப்படைப்பது என்றார். ஸ்டூலை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

மாலையில் இருளப்பன் என்னிடம் வந்தார். "ஏன் சார்?" என்று மட்டும் கேட்டார்.

"உங்க நல்லதுக்குத்தான் மாஸ்டர். நாளைக்கே துரைய பார்த்துச் சொல்லிடறேன்."

நாளைக்குப் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. பருவம் முடிந்ததும் அவர் வேலையைப் புதுப்பிக்கவில்லை. துரை கைவிட்ட ஆளை வைத்துக்கொள்ளத் தலைமையாசிரியருக்குத் துணிவில்லை. அதற்குள் கடைசி வரிசையும் கலைந்துவிட்டது. அந்தச் சம்பவத்துக்கு மறுநாள் சுப்பையா நேரே மரத்தடிக்குப் போய்ப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டான். இருளப்பன் கூப்பிட்டார். அவன் தலையைத் தூக்கவில்லை. அவன் பின்னால் ஒவ்வொருவராக மரத்தடிக்குப் போனார்கள். என் பெயரை அவர் அவர்களிடம் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு வெல்பிக்கு ஓர் உள்ளூர் உதவியாளர் தேவைப்பட்டார். அணிவகுப்பு ஏற்பாடுகளை ஒழுங்காகச் செய்கிறவன் என்று தலைமையாசிரியர் என்னைச் சிபாரிசு செய்தார். நான் போனேன். ஓய்வு பெறும் வரை அந்த இலாகாவில்தான் இருந்தேன்.

வெல்பியிடம்தான் நான் தொழிலைக் கற்றேன். அவர் ஒரு பள்ளிக்குப் போனால் கேட்கும் முதல் கேள்வி, "மானா யாங் தாக் போலே?" என்பதுதான். முடியாதவர்கள் எங்கே? மரத்தடியில் இருந்தால் மரத்தடிக்குப் போவார். வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்றால், சரி, அவர்கள் இருக்கும் நாளில் வருகிறேன் என்று காரைத் திருப்பச் சொல்வார். கிள்ளானில் ஒரு பள்ளியில் கேடயம் வாங்கிய அணி பளபளவென்று நின்றது. துரை மரத்தடியில் புத்தகத்தோடு இருந்த கூட்டத்தின் நடுவில் ஸ்டூலைப் போட்டு, நிலக்கடலை உரித்துத் தின்றுகொண்டு, அவர்கள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அணி யாரும் பார்க்காமலேயே தன் டிரிலை முடித்துக்கொண்டு கலைந்தது. செராஸ் பக்கம் இன்னொரு பள்ளியில் மாஸ்டருக்கு இங்கிலீஷ் ஆர்டர்கூட ஒழுங்காக வராது. ஆனால் மரத்தடி காலி. "இவர்தான் மாஸ்டர்," என்றார் வெல்பி, இறங்கிய உடனே.

ஒவ்வொரு தடவை அவர் அந்தக் கேள்வியைக் கேட்கும்போதும் நான் பக்கத்தில் நின்றேன். காரில் அருகருகே மணிக்கணக்காகப் போயிருக்கிறோம். ஒரு நாள் அவரே, "உன் பழைய பள்ளியில் இருந்த அந்தப் பட்டாளத்துக்காரர், பாவம், நல்ல மாஸ்டர்," என்று பேச்சை எடுத்தார். அப்போது சொல்லியிருக்கலாம். "ஆமாம் சார்," என்றேன்.

முப்பதுகளின் நடுவில் ஒரு தடவை தனியாகக் கிள்ளானுக்கு வேலையாகப் போனபோது இருளப்பனைப் பார்த்தேன். ஆற்றோரம் ஒரு கிடங்கில் ஜாகா, அதாவது காவல்காரர் வேலை. காக்கி உடுப்பு தொளதொளவென்று இருந்தது. பூட்ஸ் மட்டும் பழைய பளபளப்போடு இருந்தது. என்னைக் கண்டதும் விறைப்பாக நின்றார்.

"நீங்க துரைகூட இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன் சார். நல்லதாப் போச்சு."

"மாஸ்டர், உங்க விஷயமா இப்பகூட நான் துரைகிட்ட..."

"அது வேணாம் சார். எனக்கு இனிமே எதுக்கு அதெல்லாம்?" என்றார். "ஒண்ணு மட்டும் செய்யுங்க. அந்தப் பயலுங்க கிட்ட, நான் அடைக்கச் சொல்லலன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் சொன்னா உங்க மேல பழி போடற மாதிரி இருக்கும். பசங்க முன்னாடி ஆபீசர விட்டுக் கொடுக்கக் கூடாது. நீங்க சொல்லுங்க சார். மத்தவனுங்க மறந்துருப்பானுங்க. சுப்பையா மறந்துருக்க மாட்டான்."

"சொல்றேன் மாஸ்டர்," என்றேன்.

சுப்பையாவைத் தேடவேண்டிய வேலைகூட எனக்கு இல்லை. அவன் தையல் கற்றுக்கொண்டு, என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி கடை வாசல் நடைபாதையான அஞ்சடியில் மெஷின் போட்டிருந்தான். நல்ல காலால் மிதித்துத் தைப்பான். இன்றைக்குச் சொல்லலாம், தீபாவளி கழியட்டும், துரை ஊருக்குப் போகட்டும் என்று தள்ளினேன். வெல்பி இங்கிலாந்துக்குத் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு எனக்கு எந்தப் பயமும் இருக்க நியாயமில்லை. அப்போதும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தே பழகிவிட்டது. அந்தத் தெருவில் எதிர்ச் சாரியில் நடக்கவும் பழகிக்கொண்டேன். ஜப்பான்காரன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் இருளப்பன் கிள்ளானில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். சாவுக்கும் நான் போகவில்லை.

இந்தக் கட்டுரையை இதுவரை எழுதிவிட்டு நிறுத்தினேன். மலரில் அச்சாகி, யாரோ படித்துச் சுப்பையாவிடம் சொல்லி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது என்று தோன்றியது. நேற்று காலை அந்தத் தெருவுக்குப் போய், அவர் மெஷின் இருக்கும் சாரியிலேயே நடந்தேன்.

சுப்பையாவுக்கும் தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டு மெஷினை நிறுத்தினார். "என்ன சார், வழி தவறிட்டீங்களா? எப்பவும் அந்தப் பக்கம்தானே நடப்பீங்க." பிறகு என் சட்டையைப் பார்த்தார். "யாரு தச்சது? தோளு எறங்கிக் கெடக்கு. உக்காருங்க."

ஸ்டூலில் உட்கார்ந்தேன். பீடிகை எதுவும் போடாமல் சொன்னேன்.

"அடைச்சது நீங்கன்னு தெரியும் சார்," என்றார். "கொண்டி மாட்டினது நாங்க பாத்ததுதானே. மாஸ்டர் சொன்னதா சொன்னீங்களே, அது?"

"பொய்."

"அவரு சொல்லவே இல்லியா?"

"நான் அவர்கிட்ட கேட்டேன். மாட்டேன்னுட்டார்."

"என்ன சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"அப்ப என்னையும் சேத்து உக்கார வெச்சிடுங்க சார், அப்படின்னார்."

சுப்பையா கையிலிருந்த துணியை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தார். "இன்னொரு தடவ சொல்லுங்க," என்றார். சொன்னேன்.

என்மேல் கோபப்படுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"கிள்ளான் பாசார்ல அவர ஒரு தடவ பாத்தேன் சார். துணி எடுக்கப் போயிருந்தேன். எனக்குக் கல்யாணம் ஆன வருசம்."

அவர் கல்யாணம் எப்போது என்று எனக்குத் தெரியும். பத்திரிகை வைத்திருந்தார்; நான் போகவில்லை. கிடங்கு வாசலில் இருளப்பனுக்கு நான் வாக்குக் கொடுத்ததற்கு அடுத்த ஆண்டு அது.

"சுப்பையான்னு கூப்டாரு. அந்தக் கொரல் எனக்குத் தெரியாதா? கேக்காத மாதிரி நடந்தேன். பின்னாலயே பூட்ஸ் சத்தம் வந்துச்சு. வேகமா நடந்தேன். என் வேகம் என்னன்னு உங்களுக்குத் தெரியும். அவரு நெனச்சா எட்டி என் தோளப் புடிச்சிருக்கலாம். புடிக்கல சார். என் நடைக்கே நடந்து வந்தாரு. அந்தக் காலத்துல வருவாரே, அதே மாதிரி. பாலம் வரைக்கும் வந்தாரு. அங்க சத்தம் நின்னு போச்சு."

அப்போதாவது திரும்பிப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"இல்ல சார்," என்றார் சுப்பையா.